லாலாங் புல்லுக்குச் சொன்ன மந்திரம்

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், ஆடி மாதம். மலாக்கா நகரத்தில், காஜா பேராங் மாரியம்மன் கோயிலில் பாரதம் படிக்க உட்கார்ந்த கலியாணசுந்தரம், பிழைப்புக்குத் தையல்காரர். ஜாலான் பெண்டஹாரா ரோட்டில் ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டிருந்தார். இப்போது தைக்கத் துணி இல்லை. கடைக்காரர் கோணிச் சாக்கைக் கொண்டுவந்து கால்சட்டை தைக்கச் சொன்னார். இரண்டு ஊசி ஒடிந்ததும் மிஷினை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கைக்குத்தான் வேலை போனது, வாய்க்குப் போகவில்லை. கோயில் பூசை செய்த அவருடைய அப்பா மகனுக்கு விட்டுப்போன சொத்து, வடமொழியும் ஒரு மணைப்பலகையும். பலகையைப் போட்டு அதன்மேல் சப்பணமிட்டால்தான் அவருக்குக் கதை வரும்.

விளக்கெரிக்க எண்ணெய் கிடையாது. இருட்டினால் ரோட்டில் நடமாட்டமும் கூடாது. அதனால் நாலு மணிக்கே படிப்பு ஆரம்பித்து, வெயில் சாயும்போது முடிந்துவிடும். கேட்க வருகிற பெண்கள் யாரும் சும்மா உட்காருவதில்லை. ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி தேங்காய் நாரில் கயிறு திரிப்பாள். அஞ்சலை மரவள்ளிக்கிழங்கும் துருவியுமாக வருவாள். பிஸ்கட் தகரத்தில் ஆணியால் பொத்தல் போட்டு அவள் புருஷன் சுப்பையன் செய்துகொடுத்த துருவி அது. கிழங்கைத் துருவி, பிழிந்து, காயவைத்து மாவாக்கினால்தான் மறுநாள் அடை. கூப்பனுக்குக் கொடுத்த சுண்ணாம்பு வாடை அரிசியும் நின்றுபோய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

முன்வரிசை எப்போதும் அஞ்சலையின் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா பீபிக்குத்தான். அவள் மலாக்காச் செட்டி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்தவர்கள், பெரியம்மாக்களைப் பீபி என்பார்கள், வீட்டில் பேச்சு மலாய். சாமி மட்டும் நம் சாமி. சாரோங் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகக் கலியாணசுந்தரம் அங்கங்கே நிறுத்தி மலாயில் இரண்டு வார்த்தை போடுவார்.

நாளுக்கு ஒரு சொல் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். கோயிலில் தினமும் காதில் விழுகிற சொல்லை எடுத்து, அதைப் பாரதத்தில் எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஒரு நாள் ‘ந மம’ எடுத்தார். “ஓமத்துல ஒவ்வொரு தடவ நெய் விடறப்பவும் ந மம, ந மமங்கறாங்களே, என்னான்னு கேட்டிருக்கீங்களா? என்னுது இல்லன்னு அர்த்தம். கர்ணன் ஒடம்போட ஒட்டியிருந்த கவசத்த உரிச்சுக் குடுத்தான் பாருங்க, அப்ப அவன் வாயில வந்திருக்க வேண்டிய சொல்லு இதுதான்.” அன்று அஞ்சலைக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். “கவசம் இருந்தா நான் குடுக்க மாட்டேன், ஜப்பான்காரன்கிட்ட வித்து அரிசி வாங்குவேன்” என்றான் அவன்.

சுப்பையன் நகரசபை ரோட்டு வேலைக்காரன். வெள்ளைக்காரன் காலத்தில் தார் காய்ச்சினான். இப்போது தார் இல்லாமல், ராணுவ லோரிகள் பறித்த குழியில் கல்லைக் கொட்டி அடைத்துக்கொண்டிருந்தான்.

துரோண பர்வம் நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொன்னுதுரை வந்தார். பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் என்று ஜப்பான்காரன் வைத்திருந்தான். இந்தப் பத்து வீட்டுக்கு அவர். முன்பு கோர்ட்டில் கிராணி, எழுத்து வேலை. பசியாற உட்காருங்கள் என்றதற்கு வேண்டாம் என்று வாசலிலேயே நின்று காகிதத்தைப் பிரித்தார்.

“சுப்பையன், அப்பாசாமி மகன், வயசு இருபத்தெட்டு. பேரு வந்துருச்சும்மா. வர்ற திங்கக்கிழம லோரி.”

“எங்கண்ணே?”

“சயாமுக்கு. ரயில் ரோடு போட.”

கையிலிருந்த கிழங்கை எங்கே வைத்தோம் என்று அஞ்சலைக்குத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிச் சித்திரையில் இதே தெருவிலிருந்து பதினோரு பேரை ஏற்றிப் போனார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு வரி கடிதம் இல்லை. பாதியில் தப்பி வந்த ஒருவன், வாந்திபேதி கண்டவர்களை மூச்சு இருக்கும்போதே குழியில் தள்ளுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போனான்.

“ஓடிட்டா என்னாண்ணே பண்ணுவான்?” சுப்பையன்தான் கேட்டான்.

“ஒனக்குப் பதிலா இவள ஏத்துவான். பத்து வீட்டுக்கும் நான் ஜவாப்பு, என் தலையும் போவும். அவன்கிட்ட சாக்குப்போக்கு நடக்காது தம்பி. செத்தவன் பேரு ஒண்ணத்தான் அடிக்கறான். போன வாரம் காய்ச்சல்ல ஒருத்தன் செத்தான். தகனம் நடந்துச்சான்னு என்னைக் கேட்டான், நடந்துச்சுன்னேன். செவப்பு மையில ஒரு கோடு. அடுத்த பேருக்குப் போயிட்டான்.”

அவர் மனசறிந்து வழி காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அடுத்த பேர் யாருடையது என்று அஞ்சலையும் அப்போது யோசிக்கவில்லை.

அன்று மாலையும் அவள் கோயிலுக்குப் போனாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனாள்.

“இன்னிக்கிச் சொல்லு, ஹதஹ” என்றார் கலியாணசுந்தரம். “ஹதஹன்னா கொல்லப்பட்டான். பீபி, கெனா பூனோ. துரோணரு கையில வில்லு இருக்கற வரைக்கும் தேவனே வந்தாலும் அவர ஜெயிக்க முடியாது. ஆனா அவருக்கு ஒரே புள்ள, அச்வத்தாமன். அவன்மேல உசிரு. புள்ள செத்துட்டான்னு சேதி போனாத்தான் வில்லக் கீழ வைப்பாரு. என்னா செய்யறது? அச்வத்தாமன்னு பேருள்ள யானை ஒண்ணு இருந்துச்சு. வீமன் அத அடிச்சுக் கொன்னுட்டு, அச்வத்தாமன் செத்தான்னு கத்தறான். துரோணரு நம்பல. தருமரப் பாத்துக் கேக்கறாரு, நீ சொல்லுப்பான்னு. தருமரு வாயில பொய்யே வந்ததில்ல. அதனாலயே அவரு தேரு தரையில படாம நாலு விரக்கட மேலதான் ஓடும். அப்பேர்ப்பட்டவரு சொன்னாரு. அச்வத்தாமன் ஹதஹ, இத ஒரக்கச் சொன்னாரு. குஞ்சரஹ, இத மெதுவாச் சொன்னாரு. குஞ்சரம்னா யானை.”

கண்ணம்மா பீபி பக்கம் திரும்பினார். “காஜா, பீபி. வடமொழியில கஜம்னாலும் யானைதான். நம்ம ஊருப் பேருலயே பாதி பாரதத்துலேருந்து வந்தது.”

“அடோய்” என்று பீபி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“அந்த மெதுவாச் சொன்ன சொல்லு துரோணரு காதுல விழாம கண்ணன் சங்க எடுத்து ஊதிட்டான்.”

எல்லோரும் வாசற்படியைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கேதான் கோயில் சங்கு சேதுராமன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஒற்றை நாடி. கோயிலிலும் அவர் சங்குதான், சாவு வீட்டிலும் அவர் சங்குதான். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் உறவுக்காரர்களுக்குச் சாவுச் சேதி கொண்டுபோகிறவரும் அவரே.

அதற்குப் பிறகு கலியாணசுந்தரம் சொன்னது எதுவும் அஞ்சலை காதில் ஏறவில்லை. துரோணர் வில்லைக் கீழே வைத்ததோடு அன்றைய கதை நின்றதும் அவளுக்குத் தெரியாது. கிழங்கோடு சேர்த்து விரலையும் துருவிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் மட்டும் போகவில்லை. கலியாணசுந்தரம் பலகையைத் துடைத்துக் கக்கத்தில் வைத்தபோது எதிரே போய் நின்றாள்.

“அண்ணே, கடல்ல போயி ஒடம்பு கெடைக்காமப் போனவங்களுக்கு எப்பிடிக் காரியம் செய்வாங்க?”

“தர்ப்பப் புல்லுல மனுச உருவம் கட்டி, தலைக்கித் தேங்கா வச்சு, மந்திரம் சொல்லிக் கொளுத்தறது. ஏம்மா, யாரு போனா?”

“யாரும் போவல. அவருக்குச் செய்யணும்.”

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் பலகையை இறக்கவே இல்லை. 

“உயிரோட இருக்கறவனுக்கா? அஞ்சல, நீ என்னா பேசறேன்னு தெரியுதா? பேரச் சொல்லி, இன்னாரோட பிரேதம்னு சொல்லணும். பிரேதம்னா என்னா நெனச்சே? முன்னால கெளம்பிப் போனவன்னு அர்த்தம். போவாதவன அப்பிடிக் கூப்புட்டா போயிருவான்மா.”

“சயாமுக்குப் போனா மட்டும் இருப்பாரா?”

“ரெண்டு பொணத்துக்கு ஒரு குழின்னு கேள்விப்பட்டேன், இல்லேங்கல. அதுக்காக என் வாயால—”

“பேர ஒரக்கச் சொல்லுங்க. புல்லுன்னு மெதுவாச் சொல்லுங்க. தருமரு சொல்லலியா?”

கலியாணசுந்தரம் மாரியம்மன் பக்கம் திரும்பினார். “கத கேட்டாப் புத்தி வரும்னு சொன்னேன். இந்தப் புத்தி வரும்னு நெனக்கல” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டில் சுப்பையன் முதலில் மறுத்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தான். திட்டம் இதுதான்: சதுப்பு நிலத்தில் விறகு வெட்டப் போகிறேன் என்று பத்துப் பேர் பார்க்கப் புதன்கிழமை சம்பான் படகை எடுப்பது. கழிமுகத்தில் அதைக் கவிழ்த்துவிட்டு, சட்டையைக் கரையோர மரத்து வேர்களில் மாட்டிவிட்டு, புதர் வழியாகப் புக்கிட் காதில் என்கிற ஊருக்கு நடப்பது. அங்கே கண்ணம்மா பீபியின் தம்பிக்குக் கிழங்குத் தோட்டமும் குடிசையும் இருந்தன. பீபியிடம் உண்மையைச் சொன்னார்கள். அவள் பானையிலிருந்த உப்பில் பாதியை ஒரு சிரட்டையில் போட்டு சுப்பையன் கையில் கொடுத்தாள்.

“மாமாவுக்குச் சொல்லணுமே?” என்று அஞ்சலை கேட்டாள்.

சுப்பையனின் அப்பா அப்பாசாமி அலோர்காஜாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் தனியாக இருந்தார். ரப்பர்ப் பால் எடுக்கக் கித்தா மரம் சீவுகிறவர். இவன் ஒரே மகன். வருஷா வருஷம் ஆடியில் வந்து, பத்து நாள் தங்கி, பாரதம் கேட்டுவிட்டுப் போவார். இந்த வருஷம் பஸ் இல்லாததால் வரவில்லை.

“அப்பாகிட்ட இப்ப சொல்லக் கூடாது. மகன் தப்பிச்சுட்டான்கற சந்தோசத்துல அடுத்த நாளே தோட்டம் பூராச் சொல்லிருவாரு. அவரு வாயி ஒனக்குத் தெரியாதா. பதினாறு முடியட்டும். நானே காட்டு வழியாப் போயி முன்னால நிக்கறேன்.”

“அதுக்குள்ள காதுல விழுந்துட்டா?”

“நாமதான் சேதுராமண்ணனுக்கு வெத்தல வைக்கப் போறதில்லயே. வெத்தல வைக்காமச் சேதி போவாது.”

அது சரிதான். சாவு வீட்டுக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து, இன்ன ஊருக்கு, இன்னாருக்கு என்று சொன்னால்தான் சேதுராமன் சைக்கிளை எடுப்பார். காஜா பேராங்கில் அன்றுவரை அதுதான் முறை. அந்த முறையை நம்பி இரண்டு பேரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

எல்லாம் நினைத்தபடியே நடந்தது. புதன்கிழமை சம்பான் கவிழ்ந்தது. வியாழக்கிழமை பொன்னுதுரையும் நாலு பேரும் தேடிப் போய் சட்டையை எடுத்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை உருவம் கட்டினார்கள். தர்ப்பைக்கு இங்கே எங்கே போவது? வேலி ஓரத்து லாலாங் புல்லைக் கலியாணசுந்தரம் தானே அறுத்து வந்தார். அவர் தையல்காரர் என்பது அன்றைக்குத் தெரிந்தது. கையும் காலும் மார்பும் அளவு தப்பாமல் வந்தன. தலைக்குத் தேங்காயை வைத்து, கடலில் நனைந்த சட்டையையும் போட்டுவிட்டதும், அது பொய் என்று தெரிந்திருந்த அஞ்சலையே அதன் காலடியில் விழுந்துவிட்டாள். எப்படி அழவேண்டும் என்று எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள், யோசனை தேவைப்படவில்லை. தெருக்கோடிவரை கேட்க அலறினாள். பீபி அவளைக் கட்டிக்கொண்டு மலாயில் அழுதாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் பிறகு சொன்னது இது. பொன்னுதுரை தலைமாட்டில் நின்றார். கலியாணசுந்தரம் மந்திரத்தில் பேர் வரும் இடம் வந்ததும் சற்று நின்றார். பிறகு சுப்பையன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அடுத்தாற்போல் உதடு அசைந்தது. அதே நேரம் சேதுராமன் சங்கை எடுத்து ஊதிவிட்டதால் அது யாருக்கும் கேட்கவில்லை. சேதுராமனுக்கு யாரும் சைகை காட்டவில்லை. சிதை மூட்டும்போது ஊதுவது அவர் வழக்கம், ஊதினார்.

அந்தச் சாவுக்காகப் புதன்கிழமையிலிருந்தே கோயிலில் பாரதத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை லோரி வந்தது. அஞ்சலை கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னுதுரை பேர்களை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக ஏறினார்கள். சுப்பையன் பேர் வரவில்லை. அவனுக்கு அடுத்த பேராக, கோயிலுக்குப் பின்னால் மாடு வைத்திருந்த ஒருவன் ஏறினான். அவனுடைய தங்கை லோரிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். அஞ்சலைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து உடனே உடம்பு கூசியது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

அன்று மாலை படிப்பு மறுபடி தொடங்குவதாக இருந்தது. சாவு வீட்டுக்காரி கோயிலுக்குள் போகக் கூடாது என்பதால் அஞ்சலை வெளியே, மதிலோரம், பீபியோடு உட்கார்ந்திருந்தாள். கலியாணசுந்தரம் பலகையோடு வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். லோரி போய்விட்டதா என்று கண்ணாலேயே கேட்டார். அவள் தலையசைத்தாள்.

அப்போதுதான் சேதுராமன் வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, முழங்கால்வரை செம்மண்ணோடு வந்தார். பின்சக்கரத்துக் கயிறு அவிழ்ந்து தொங்கியது. தோளில் ஒரு துணிமூட்டை.

“எங்கண்ணே மூணு நாளா ஆளையே காணோம்?” என்றார் கலியாணசுந்தரம்.

“அலோர்காஜா போயிட்டு வர்றேன்.”

அஞ்சலை எழுந்துவிட்டாள்.

“கோச்சுக்காத தாயி. நீ வெத்தல வைக்கல. இந்தக் காலத்துல வெத்தலைக்கி எங்க போவே, புரிஞ்சுக்கிட்டேன். பெத்தவனுக்குச் சேதி போவாம ஒரு சாவு இருக்கலாமா? அப்புறம் பதினாறுக்கு வந்து, எனக்கேன் சொல்லலன்னு அந்த மனுசன் நின்னா ஒன் கதி என்னா? அதான் சனிக்கிழம விடிய கெளம்பிட்டேன். வெத்தல வைக்காத சேதி நான் கொண்டுபோனது இதுதான் மொத தடவ. எல்லாம் ஒனக்காவத்தான்.”

“மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லாம? சனிக்கிழம பொழுது சாயப் போய்ச் சேந்தேன். மரஞ்சீவற உளியத் தீட்டிக்கிட்டு இருந்தாரு. மொதல்ல நம்பல. போய்யா, என் மவன் கழிமுகத்துலயே நீஞ்சக் கத்துக்கிட்டவன், அவனாவது முழுவறதாவது, எவனோ ஒனக்குத் தப்பாச் சொல்லியிருக்கான்னாரு. நானே சங்கு ஊதினேன்னேன். நீ ஊதுனா ஆச்சா, ஒடம்பப் பாத்தியாங்கறாரு. ஒடம்பு கெடைக்கல, புல்லுல கட்டி எரிச்சோம், கலியாணசுந்தரம்தான் மந்திரம் சொன்னாருன்னேன். அதக் கேட்டதும் அப்பிடியே நின்னுட்டாரு. தையக்காரரு சொன்னாரா, அவரு வாயால என் மவன் பேரச் சொன்னாரான்னு மூணு தடவ கேட்டாரு. ஆமா, எல்லாருக்கும் கேக்கச் சொன்னாருன்னேன். அப்ப சரிதான், அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லி, உளியக் கீழ வச்சுட்டாரு.”

கலியாணசுந்தரத்தின் கையிலிருந்த பலகை நழுவிக் காலில் விழுந்தது. அவருக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

“ராவு பூரா ஒக்காந்தே இருந்தாரு. அழல. எனக்குக் கெழங்கு அவிச்சுக் குடுத்தாரு. விடிஞ்சா தோட்டத்துல லோரி நிக்குது, சயாமுக்கு ஆளெடுக்க. பக்கத்து வீட்டுப் பையன், ஜெயபாலன்னு பேரு, ரெண்டு கைக்கொழந்த, அவன் பேரு வந்துருச்சு. பொண்டாட்டி கிராணி கால்ல உழுந்து கெடக்கறா. இவரு நேராப் போனாரு. இவன விட்டுட்டு என்ன எழுதிக்குங்க, எனக்கு இனிமே பாத்துக்க யாரும் இல்லன்னாரு. நீ கெழவனாச்சேன்னான் கிராணி. தலதான் நரச்சிருக்கு, மண்ணு வெட்டக் கை இருக்குன்னாரு. அவனுக்குத் தலைக்கணக்கு சரியா வந்தாப் போதும், எழுதிக்கிட்டான்.”

“போயிட்டாரா?” அஞ்சலை அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். “எப்ப? எப்பண்ணே?”

“நேத்துக் காலையில. தம்பின் டேசன்ல மத்தியானமே ரயிலு. நான் தடுத்துப் பாத்தேன் தாயி. மருமவ இருக்காளே, அவளப் போயிப் பாருங்கன்னேன். அவ மொகத்த எந்த மொகத்தோட பாப்பேன்னுட்டாரு.” சேதுராமன் மூட்டையை இறக்கி அவள் கையில் கொடுத்தார். “மவனுக்குப் பெத்தவன் வாய்க்கரிசி போட முடியாமப் போச்சு, புல்லு உருவமானாலும் சாம்பலுக்காவது போடச் சொல்லுன்னு குடுத்து அனுப்பினாரு. நல்ல அரிசி. ஆடிக்கி மவன் வூட்டுக்கு வர்றப்பக் கொண்டார்றதுக்குன்னு போன வருசத்துலேருந்து ஒளிச்சு வச்சிருந்தாராம்.”

உண்மையைச் சொல்லிச் சேதுராமனை வைய வேண்டும் போலிருந்தது அஞ்சலைக்கு. யார் உன்னைப் போகச் சொன்னது என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த மனிதர் முழங்காலில் சிராய்ப்போடு, முப்பத்திரண்டு மைல் போய்வந்து, அவளுக்கு நல்லது செய்துவிட்ட நிறைவோடு நின்றார். சொன்னால் இன்னொரு வாயில் ரகசியம் போகும். அவள் மூட்டையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அபா தியா காத்தா?” அவர் என்ன சொல்கிறார் என்று பீபி கேட்டாள். 

உள்ளே கூட்டம் சேர்ந்துவிட்டது. கலியாணசுந்தரம் போனார். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“என்னாண்ணே, தரையில ஒக்காந்துட்டீங்க?” யாரோ கேட்டார்கள்.

“தேரு எறங்கிருச்சு” என்றார் அவர். அது கதையில் வருகிறது என்று நினைத்து அவர்கள் காத்திருந்தார்கள். “பொய் சொன்ன அந்த நிமிசமே தருமரு தேரு தரையில பட்டுருச்சு. அத நான் அன்னிக்கிச் சொன்னனா?”

“சொன்னீங்க. துரோணரு வில்லக் கீழ வச்சுட்டாரு, அதோட நிறுத்தினீங்க. அப்புறம் அவரு என்னாண்ணே ஆனாரு?”

மதிலுக்கு வெளியே அஞ்சலையின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. பதில் வரும் என்று அவளும் காத்திருந்தாள்.  பிறகு கலியாணசுந்தரம் வெளியே வந்தார், அவளைப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார். அந்த வருஷம் பாரதம் முடியவில்லை.

மறுநாள் காலை, பீபியின் தம்பி தோட்டத்தில் களையெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, தலையில் கூடையோடு அஞ்சலை புக்கிட் காதிலுக்கு நடந்தாள். கூடையில் கிழங்கு அடை, அதற்கு அடியில் அந்த மூட்டை. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று நாலைந்து விதமாக யோசித்தாள். சுப்பையன் குடிசைக்குப் பின்னால் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். ஆறு நாளில் தாடி முளைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தான்.

“லோரி போயிருச்சா?”

“போயிருச்சு.”

“என் பேரு?”

“வரல.”

“பாத்தியா. ஒந் தையக்காரரு கெட்டிக்காரருதான்.”

யோசித்து வைத்திருந்த எதுவும் அவளுக்கு வரவில்லை. “மாமா சயாமுக்குப் போயிட்டாரு” என்றாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

சொல்லி முடித்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினான். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“எங்க போறீங்க?”

“தம்பினுக்கு. நான்தான் சுப்பையன், எங்கப்பனத் திருப்பி அனுப்பு, என்ன ஏத்துன்னு சொல்லப் போறேன்.”

“அவரு போயி ரெண்டு நாளாச்சு. யாரத் திருப்பி அனுப்புவான்?”

“அப்ப நானும் அங்கயே போறேன். போயிக் கண்டுபிடிக்கறேன்.”

“நீங்க எந்திரிச்சு வந்தா, மந்திரம் சொன்னவர என்னா செய்வான்? தகனம் நடந்துச்சுன்னு கையெழுத்துப் போட்ட பொன்னுதுரையண்ணன? குடிசை குடுத்தவர? பீபிய?” அவள் அவன் கையை விடவில்லை. “ஒங்கள நாம கொளுத்திட்டோங்க. இனிமே நீங்க எங்கயும் போவ முடியாது.”

அவன் அவளைப் பார்த்தான், புக்கிட் காதில் ரோடு போகும் பக்கம் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். பிறகு நட்டு வைத்த குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். அவள் மூட்டையை அவிழ்த்து அவன் முன்னால் வைத்தாள். பழைய வேட்டித் துண்டு. அதில் கித்தாப் பால் வாடை அடித்தது. இரண்டு கை கொள்ளுகிற அரிசி. ஒவ்வொரு அரிசியும் முழுசாக, வெள்ளையாக இருந்தது.

“இது என்னாத்துக்குன்னு சொன்னாரு?”

“ஒங்களுக்கு வாய்க்கரிசி போட.”

சுப்பையன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். அப்பா இருந்த திசைக்குத் திரும்பி உட்கார்ந்தான். ஒரு பிடி அரிசியை அள்ளி, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, தன் வாயில் போட்டான். அஞ்சலை தடுக்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். அவன் பச்சை அரிசியை மெள்ள மென்றான். எட்டு மாதமாகச் சோறு காணாத வாய் அது. அதற்கு அரிசி இனித்தது, எச்சில் ஊறியது, இன்னும் வேண்டும் என்று கேட்டது. அவனை உடைத்தது அதுதான். வாயில் அரிசியோடு குனிந்து மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தெருக்கோடிவரை கேட்க அழுதவள், இப்போது முந்தானையைச் சுருட்டித் தன் வாயில் அடைத்துக்கொண்டாள். புதருக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு லோரி போகிற சத்தம் கேட்டது.